கொழுகொழு தம்பி

சென்ற பொங்கலுக்கு நவி மும்பை ஐரோலியில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆறடிக்கு நான்கடியில் ஒரு பேனர் அடித்தோம். வாசகம் இரண்டே சொல்: பொங்கல் நல்வாழ்த்துகள். எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தடித்து, உருண்டு, கன்னம் உப்பிய குழந்தை மாதிரி இருக்கும் 'பலூ தம்பி'. பொங்கி வழியும் பானைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடையாது என்று கணினித் திரையில் பார்த்தபோது தோன்றியது. ஃபிளெக்ஸ் கடையிலிருந்து வந்த பேனரில் பகரம் முதலில் நின்றது. அதற்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. நடுவில் யாரும் கேட்காத ஒரு புள்ளிவட்டம். 'து' என்ற எழுத்து தகரமாகவும் தனிக் கொக்கியாகவும் பிரிந்து கிடந்தது. அச்சடித்த பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அதிகாலையில் கோலம் போட வந்த மாமிகள்தான் முதலில் சிரித்தார்கள்.

பேனரைப் புறம் திருப்பிக் கட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் பெயிண்டால் எழுதிச் சமாளித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த எழுத்துரு எங்கோ வெளிநாட்டில் செய்யப்பட்டதில்லை. இதே மும்பையில் வரைந்தது. மும்பையில் உருவான ஒரு தமிழ் எழுத்து மும்பைப் பேனர் ஒன்றுக்கு ஒழுங்காக வந்துசேர முடியவில்லை. ஏன் என்று தேடப்போய், அந்தத் தடித்த எழுத்தின் கதை எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

'ஏக் டைப்' என்பது மும்பையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர்களின் கூட்டு. சாரங் குல்கர்ணி, கிரீஷ் தள்வி, நூபுர் தாத்யே முதலியோர் அதன் முகங்கள். 2016இல் கூகுளின் இலவச எழுத்துருத் தொகுப்பு வழியாக அவர்கள் வெளியிட்ட குடும்பம்தான் 'பலூ'. ஒன்பது இந்திய எழுத்துமுறைகள், கூடவே உருது, எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு ஒரு ரோமன். நாகரியையும் ரோமனையும் சாரங் குல்கர்ணி வரைந்தார். தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். மலையாளம் மைதிலி ஷிங்ரே, கன்னடம் திவ்யா கௌஷிக், தெலுங்கு ஓம்கார் ஷேண்டே. ஒரே ஆள் உட்கார்ந்து நாகரியைப் பார்த்துத் தமிழை நகலெடுத்த வேலையாக இது போகவில்லை என்பதற்காகவே இந்தப் பெயர்களைச் சொல்கிறேன்.

பெயர் வைத்த விதத்தில் ஒரு குறும்பு உண்டு. நாகரியில் வெறும் 'பலூ'. குஜராத்தியில் 'பலூ பாய்', வங்காளத்தில் 'பலூ தா', ஒடியாவில் 'பலூ பாயினா', குர்முகியில் 'பலூ பாஜி', உருதுவில் 'பலூ பாய்ஜான்'. மலையாளத்தில் 'சேட்டன்', கன்னடத்தில் 'தம்மா', தெலுங்கில் 'தம்முடு', தமிழில் 'தம்பி'. எல்லாம் உடன்பிறந்தான் முறை. வடக்கே பெரும்பாலும் அண்ணன்கள். தெற்கே சேட்டனைத் தவிர மற்ற மூவரும் இளையவர்கள். இதில் உள்குத்து எதுவும் இருக்காது. ஆனாலும் தாராவி டீக்கடை ஒன்றில் இதைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் போவது தெரியாது. தமிழில் தம்பி என்பதற்கு இருக்கும் கனமே வேறு. 'தம்பிக்கு' என்று தொடங்கி அண்ணா கடிதம் கடிதமாக எழுதி ஒரு கட்சியையே பேசவைத்த மொழி இது.

பலூ என்பது ருட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதைகளில் வரும் கரடி. இந்தியில் பாலூ என்றால் கரடி என்றே பொருள். கிப்ளிங் பிறந்தது 1865 டிசம்பரில், பம்பாயில். அவருடைய தந்தை லாக்வுட் கிப்ளிங் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஓவியமும் எழுத்தும் கற்பிக்கிற வளாகம் அது. கரடியும் எழுத்துருவும் ஒரே ஊர்க்காரர்கள் என்று உரிமை கொண்டாட இவ்வளவு போதும்.

1967இல் வந்த டிஸ்னி படத்தைப் பார்த்தவர்களுக்குப் பலூ என்றால் ஆடிப்பாடித் திரியும் சோம்பேறிக் கரடிதான் நினைவுக்கு வரும். கிப்ளிங்கின் புத்தகத்தில் அது வாத்தியார். ஓநாய்க் குட்டிகளுக்குக் காட்டின் சட்டத்தை மனப்பாடம் செய்யவைக்கும் கரடி அது. அவற்றோடு வளரும் சிறுவன் மௌக்ளி தப்புச் செய்தால் அடியும் விழும். அந்த எழுத்துருவை உற்றுப் பார்த்த பிறகு எனக்கு இந்தப் புத்தகக் கரடிதான் பொருத்தமாகத் தெரிகிறது. பார்வைக்கு விளையாட்டு. உள்ளே இம்மி பிசகாத சட்டம்.

பலூவுக்கு முன்னால் 'ஏக் டைப்' கூட்டு நாகரியில் செய்த இன்னொரு எழுத்துரு 'மோதக்'. சாரங் குல்கர்ணியும் மைதிலி ஷிங்ரேயும் வரைந்தது. நாம் மோதகம் என்று சொல்லும் அதே கொழுக்கட்டைதான். கையால் கிறுக்கிப் பார்த்த எழுத்துச் சித்திரமாகத்தான் அது தொடங்கியது. எழுத்தை எவ்வளவு தடிக்கவைக்க முடியும், உள்ளே இருக்கும் வெள்ளையை எவ்வளவு மெலியவைக்க முடியும் என்பதுதான் அதில் கேள்வி. கடைசியில் எழுத்து முழுக்கக் கறுப்பு மாவாகி, வெள்ளை வெறும் கீறலாக மிஞ்சியது. ஒரு எழுத்து இன்னொன்றின்மேல் சாய்ந்து, அமுங்கி, தட்டில் அடுக்கிய கொழுக்கட்டை மாதிரியே நிற்கும். ஆனாலும் படிக்க முடிகிறது. கீறல் எந்த இடத்தில் விழவேண்டும் என்பது தெரிந்த கையின் வேலை அது.

உலகத்தில் இந்தக் கொழுப்புக்கு ஒரு பாட்டனார் உண்டு. 1922இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த 'கூப்பர் பிளாக்'. விளம்பரக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நூறாண்டு ஆகியும் கீழே வைக்கவில்லை. ரோமன் எழுத்தைத் தடிக்கவைப்பதில் ஒரு வசதி உண்டு. அதில் பாதி எழுத்துகளுக்கு வயிறே கிடையாது. நேர்க்கோடுகளைப் பருமனாக்கிக்கொண்டே போகலாம்.

தமிழில் அந்த வசதி இல்லை. நம் எழுத்து சுழியால் ஆனது. 'ண' எழுதத் தொடங்கும்போதே ஒரு சுழி, அப்புறம் வளைவுமேல் வளைவு. 'ஞ', 'ஐ', 'ஜ' எல்லாம் உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்கிறவை. ஒற்றைக்கொம்பில் ஒரு சுழி, இரட்டைக்கொம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, இணைக்கொம்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. 'ணை' என்று எழுதினால் ஒரே மூச்சில் சுழிகள் வரிசைகட்டி நிற்கும். கோட்டை இரண்டு மடங்கு தடிக்கவைத்தால் முதலில் செத்துப்போவது சுழிக்குள் இருக்கும் அந்தத் துளி வெள்ளை. அது அடைந்துவிட்டால் 'ன' எது 'ண' எது என்று ஆறடி தள்ளி நின்று சொல்ல முடியாது. ஆக, தமிழில் தடித்த எழுத்து வரைகிறவர் கறுப்பை வரையவில்லை, வெள்ளைக்குக் காவல் இருக்கிறார் என்றுதான் சொல்லவேண்டும்.

'பலூ தம்பி'யைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தால் இந்தக் காவல் தெரியும். சுழியின் உள்வெளி எங்கும் அடைபடவில்லை. பேனா அழுத்தத்தைக் காட்டும் தடிப்பு, மெலிவு விளையாட்டு கிட்டத்தட்ட இல்லை. கோடு தொடங்கிய பருமனிலேயே ஓடி முடிகிறது. முனைகள் மழுங்கி உருள்கின்றன. அச்சுத் தமிழில் பழகிய கூர்முனைகளும் சீவல்களும் இல்லை. இப்படி ஒரே பருமனில் ஓடும் கோடு தமிழுக்குப் புதிதில்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்கும் தடிப்பு, மெலிவு கிடையாது. அழுத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஒரே சீராகத்தான் இழுக்கவேண்டும். தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடு பிற்பாடு, மசியும் உலோக அச்சும் வந்தபோது, நமக்குள் நுழைந்தது. என் பார்வையில் 'பலூ தம்பி' ஓலைக் கோட்டின் தூரத்து உறவு. நெய்ச்சோறு நிறையச் சாப்பிட்ட உறவு.

தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் படித்தோம். எழுத்துரு வரைகிறவர் அத்தனையையும் வரையவேண்டியதில்லை. உயிர் 12, அகர மெய் 18, உகர ஊகார வரிசைகளில் ஒவ்வொன்றும் தனி உருவம் என்பதால் 36, துணைக்கால், விலங்கு, கொம்பு என 6, புள்ளி ஒன்று, ஆய்தம் ஒன்று, ஒட்டிக்கொண்டு எழுதவேண்டிய 'டி', 'டீ' இரண்டு. கூட்டினால் 76. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் எண்பதைத் தாண்டும். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்விலங்கு ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு இடத்தில் பிடிக்கும். 'கி'யில் ஒட்டுகிற மாதிரி 'லி'யில் ஒட்டாது, 'லி'யில் ஒட்டுகிற மாதிரி 'ஞி'யில் ஒட்டாது. மெல்லிய எழுத்தில் இந்த ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. தடித்த எழுத்தில் கொஞ்சம் பிசகினாலும் தையல் பிரிந்த சட்டை மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். புள்ளி இன்னொரு தலைவலி. எழுத்து தடித்தால் புள்ளியும் தடிக்கவேண்டும், தடித்தால் மேலே எழும்பும், எழும்பினால் மேல்வரியின் 'கு', 'ழு' ஆகியவற்றின் காலில் இடிக்கும். தமிழில் அடிக்கு அடி புள்ளி வரும். 'நல்வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்லில் மட்டும் நான்கு.

அகலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதுவரை யானைத் தும்பிக்கை மாதிரி தலைக்குமேல் சுருண்டிருந்த 'லை', 'னை', 'ளை', 'ணை' எல்லாம் முன்னால் இணைக்கொம்பு வாங்கிக்கொண்டன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது பெரிய லாபம்; அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பலகை எழுதுகிறவர் கணக்கு வேறு. 'சாலை', 'விலை', 'மாலை' என்று எழுதும்போது பழைய உருவம் உயரத்தில் எடுத்துக்கொண்ட இடத்தைப் புதிய உருவம் அகலத்தில் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே மராத்திப் பக்கத்தில் நீளமாகத் தெரியும் தமிழ் இன்னும் ஓர் அங்குலம் நீள்கிறது. தடித்த எழுத்தில் அது இரண்டு அங்குலம். தலைப்பெழுத்துக்காவது பழைய தும்பிக்கையை மாற்று உருவமாக உள்ளே வைத்திருந்தால் ஒரு வேடிக்கைக்காவது உதவும். குழந்தைகளுக்கு யானை பிடிக்கும்.

கையால் எழுத்து வரையும் மரபு இந்தப் பக்கத்தில் எவ்வளவு ஆழம் என்பதை ஐரோலிக்காரர்கள் தூரம் போகாமலே தெரிந்துகொள்ளலாம். கடலோடைப் பாலத்தைத் தாண்டினால் முலுண்ட். கமல் ஷெட்கே அங்கே வாழ்ந்தவர். 1935இல் பிறந்து 2020இல் மறைந்தார். மராத்தி நாடக விளம்பரங்களில் நாடகத்தின் பெயரை வரைந்து கொடுப்பதே அவருடைய தொழில். நாடகம் சோகமா, சிரிப்பா, பேய்க்கதையா என்பதைப் பெயரின் எழுத்தே சொல்லிவிடும். நாளிதழின் நாடகப் பக்கம் அவர் கையெழுத்துக் கண்காட்சி மாதிரி இருந்தது என்று மராத்தி நண்பர்கள் சொல்வார்கள். ஒரு எழுத்துக் கலைஞரின் பெயர் பொதுமக்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கும்.

தமிழிலும் அந்த மரபு இருந்தது, பெயர்தான் இல்லை. விகடனிலும் கல்கியிலும் குமுதத்திலும் தொடர்கதைக்கும் சிறுகதைக்கும் தலைப்பை ஓவியரே வரைவார். மாலி, கோபுலு, மணியம் படங்களை இன்றும் பேசுகிறோம். படத்தின் ஓரத்தில் அதே தூரிகை வரைந்த தலைப்பெழுத்தை யாரும் பேசுவதில்லை. சரித்திரக் கதைக்கு வாள் மாதிரி நீளும் எழுத்து, நகைச்சுவைக் கதைக்குத் தள்ளாடும் எழுத்து, பேய்க்கதைக்கு ஒழுகும் எழுத்து. சினிமாச் சுவரொட்டியும் அப்படித்தான். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த மாட்டுங்கா, தாராவித் தமிழர்களில் எத்தனையோ பேர் தமிழ் எழுத்தையே படப் பெயர்களிலிருந்துதான் கூட்டிக்கூட்டிப் படித்தார்கள். மாநகராட்சிப் பள்ளி பிறகுதான்.

கையால் வரைவதற்கும் எழுத்துருவுக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. தலைப்பு வரைகிறவருக்கு முன்னால் ஒரே ஒரு சொல் இருக்கிறது. 'பாப்பா' என்றால் முதல் பகரத்தைக் குண்டாகவும் அடுத்ததை அதன் மடியில் உட்கார்ந்த மாதிரியும் வரைந்துவிடலாம். எழுத்துரு வரைகிறவருக்கு எந்தச் சொல் வரப்போகிறது என்றே தெரியாது. அவர் வரையும் ஒரே பகரம் பாப்பாவுக்கும் பாம்புக்கும் பாராளுமன்றத்துக்கும் போய் நிற்கவேண்டும். அதனால் கைவேலையின் துள்ளல் எழுத்துருவில் பாதிதான் தங்கும். தெருப் பெயிண்டர்களின் எழுத்தை எழுத்துருவாக்கும் வேலையைத் தொடங்கிய ஹனீஃப் குரேஷிக்கும் இதே சிக்கல்தான் இருந்திருக்கும். 2024இல் இளம் வயதிலேயே போய்விட்ட அவர், பெயிண்டர் கஃபீல், பெயிண்டர் உமேஷ் என்று எழுதியவரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். தமிழில் அப்படி ஒரு பெயிண்டரின் பெயரைத் தாங்கிய எழுத்துரு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

மும்பை தமிழுக்கு எழுத்துருச் செய்து கொடுப்பது இது முதல்முறை இல்லை. ஜூஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் ஆர்.கே. ஜோஷி தலைமையில் வரையப்பட்டதுதான் 'லதா'. விண்டோஸ் 2000உடன் வந்தது. பவாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த மராத்திக் கவிஞர் ஜோஷி, 2008இல் மறைந்தார். இணையத்தில் தமிழை முதல்முதலாகப் பார்த்த ஒரு தலைமுறை 'லதா'வில்தான் பார்த்தது. அதை அழகு என்று நான் சொல்லமாட்டேன்; சின்ன அளவில் கண்ணை உறுத்தும். ஆனால் அது இல்லாத காலத்தில் திரையில் தெரிந்தவை சதுரக் கட்டங்கள்.

அயலார் கையும் நமக்குப் பழக்கமானதே. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது அதற்கான எழுத்தை வார்த்தவர் ஜோவாவ் தெ ஃபாரியா என்ற போர்த்துகீசியர். 'பலூ' வந்த அதே காலத்தில் கூகுள் தொகுப்பில் வந்த 'அரிமா மதுரை'யை வரைந்த நதனேல் காமாவும் ஜுவானா கொரேயாவும் போர்த்துகீசியர்கள். உருண்டையான 'காய்னி'யை வரைந்தவர் பிரேசில்காரர் மார்செலோ மகல்யேஸ். இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துப் போக்கில் ஓடுவது. இவற்றில் 'கவிவாணர்' மட்டும்தான் தமிழில் எழுதிப் பழகிய கையிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது. மற்றவை அழகானவை, ஆனால் 'ழ'வின் வால் எங்கே வேகம் எடுக்கும் என்பது கைக்குத் தெரிந்தவர்கள் போட்ட கோடு வேறு.

இனி, இந்தக் கொழுகொழு எழுத்தை எங்கே வைப்பது? வெல்லப் பாக்கெட், முறுக்குப் பொட்டலம், சிறுவர் புத்தக அட்டை, பள்ளி ஆண்டுவிழாப் பலகை, ஐஸ் வண்டி, பொங்கல் பேனர். நான்கைந்து சொல்லுக்கு மிகாமல், உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல். பத்தி பத்தியாக இதில் அடித்தால் பக்கம் முழுக்க உளுந்து கொட்டின மாதிரி ஆகிவிடும். முதலில் ஒரே பருமனில்தான் வந்தது 'பலூ'. பிறகு வந்த 'பலூ 2' ஐந்து பருமன்களில் இருக்கிறது. அதன் மெல்லிய பருமனில் ஒரு பத்தியைத் தாங்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

அரிச்சுவடிக்கும் இதைப் பயன்படுத்தக்கூடாது என்பது என் கருத்து. குழந்தைக்குரிய எழுத்து என்று பலரும் நினைத்துப் பள்ளிச் சுவரில் ஒட்டுகிறார்கள். எழுத்தைக் கற்கும் பிள்ளை ரகரத்தையும் துணைக்காலையும், 'ன'வையும் 'ண'வையும், 'எ'யையும் 'ஏ'யையும் சின்ன வேறுபாட்டில்தான் பிரித்தறிகிறது. தடித்த எழுத்து முதலில் விழுங்குவது அந்தச் சின்ன வேறுபாட்டைத்தான். 'ஏ'யின் கீழே இழுத்த கோடு தடித்த எழுத்தில் எவ்வளவு குட்டையாகிறது என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த குழந்தைக்கு இது விளையாட்டு. படிக்கப் பழகும் குழந்தைக்கு இது புதிர்.

விளையாட்டு எழுத்து தவறான இடத்தில் போய் உட்காருவது உலகம் முழுக்க நடக்கிற கூத்து. 1994இல் வின்சென்ட் கானேர் வரைந்த 'காமிக் சான்ஸ்' குழந்தைகளுக்கான மென்பொருளில் ஒரு நாய் பேசுவதற்காக உருவானது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் பற்றிய அறிவிப்பை சேர்ன் ஆய்வகம் வெளியிட்டபோது ஒரு விஞ்ஞானக் குழு தன் முடிவுகளை அந்த எழுத்தில்தான் காட்டியது. உலகமே துகளை விட்டுவிட்டு எழுத்துருவைப் பேசியது. நம் பக்கத்தில் இதைவிடக் கூடுதலாக உண்டு. 'கண்ணீர் அஞ்சலி' பேனரை நான் கொழுகொழு எழுத்தில் பார்த்திருக்கிறேன். மறைந்தவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார், அதனால் ஒரு வழியாகப் பொருந்தியது.

மகாராஷ்டிரத்தில் 'பலூ' குடும்பத்துக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. கடைப் பலகைகளில் மராத்தி நாகரியில் இருக்கவேண்டும், மற்ற எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது என்ற விதி 2022இல் சின்னக் கடைகளுக்கும் விரிவானது. மும்பை வணிகர்கள் இரண்டு மாதத்துக்குள் அதை நிறைவேற்றவேண்டும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழில் பெயர் எழுதிய செம்பூர் மளிகைக் கடையும் தாராவி தொண்ணூறடிச் சாலை மிட்டாய்க் கடையும் மராத்தியைத் தமிழைவிடச் சிறிதாகாமல் எழுதியே ஆகவேண்டும். அதில் தவறில்லை, ஊர் மொழிக்கு முதல் மரியாதை. ஆனால் பெரும்பாலான பலகைகளில் மராத்தி ஒரு குணத்திலும் தமிழ் இன்னொரு குணத்திலும் ஆங்கிலம் மூன்றாவது குணத்திலும் இருக்கும். மூன்று பேர் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

இவர்களை ஒரே குணத்துக்குக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. நாகரி கொடியில் காயும் துணி. மேலே ஒரு கோடு, அதிலிருந்து எழுத்து தொங்கும். தமிழுக்குக் கொடி கிடையாது; தரையில் சம்மணமிட்டு உட்காரும். இரண்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்தால் தமிழ் பூதாகாரமாகிவிடும். அதனால் உயரத்தை விட்டுவிட்டுக் கறுப்பின் அளவைச் சமன்செய்கிறார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் இரண்டு வரியும் ஒரே நிழலாகத் தெரியவேண்டும். 'பலூ'வும் 'பலூ தம்பி'யும் அருகருகே நிற்கும்போது அந்த நிழல் சமமாகத்தான் விழுகிறது. அண்ணன் தம்பி என்று சொன்னால் ஊர் நம்பும்.

அப்படியானால் எங்கள் பேனர் ஏன் உடைந்தது? எழுத்துருமேல் குற்றமில்லை. யூனிகோடில் 'பொ' என்பது ப, அதன்பின் ஒகரக்குறி என்ற வரிசையில்தான் கணினிக்குள் இருக்கும். கொம்பை முன்னால் தூக்கிவைத்துக் காலைப் பின்னால் நிறுத்துவது மென்பொருளின் வேலை. தகரத்தையும் உகரக்குறியையும் சேர்த்து 'து' ஆக்கும் விதி எழுத்துருவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஃபிளெக்ஸ் கடைகளில் பரவலாக ஓடும் பழைய படத்தொகுப்பு மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்வதுமில்லை, இந்த விதியைப் படிப்பதுமில்லை. புதியவற்றில் சிலவும் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை அமைவுகளில் தேடிப்போய் மாற்றினால்தான் படிக்கும். மாற்றாவிட்டால் வந்த வரிசையிலேயே கொட்டிவிடும்.

தமிழ்நாட்டு அச்சகங்கள் இதைப் பல ஆண்டுகளாக ஒரு குறுக்குவழியில் கடந்துவருகின்றன. 'பாமினி' போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் கொம்பைத் தனியாக, காலைத் தனியாகத் தட்டிக்கொள்வார்கள். திரையில் தமிழாகத் தெரியும்; கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அரசின் தரமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆண்டுகள் பல ஆகியும் அச்சகத்தின் பின்னறையில் 'பாமினி' ஓய்வு பெறவில்லை. புதிய இலவச எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடில் வருகின்றன. பேனர் அடிக்கும் இடம் பழைய குறியீட்டில் நிற்கிறது. 'பலூ தம்பி'க்குக் கட்டணம் இல்லை, திறந்த உரிமத்தில் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், திருத்தலாம். விலையால் தடைபடாத எழுத்து கடைக் கணினியின் ஓர் அமைவால் தடைபட்டு நிற்கிறது.

தமிழ்நாட்டில் இப்படி உடைந்தால் அச்சடிக்கிறவரே பார்த்துத் திருத்திவிடுவார். ஐரோலியில், தானேயில், வாஷியில் அச்சடிக்கிறவருக்கு நம் எழுத்து படம். படம் தலைகீழாக இல்லாதவரை அவருக்குக் கவலையில்லை. குஜராத்தியும் வங்காளியும் இதே கடையில் இதே அவஸ்தையைப் படுகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதில் ஓர் அற்ப ஆறுதல்.

அடுத்த பொங்கலுக்கோ பிள்ளையார் சதுர்த்திக்கோ வெளிமாநிலத்தில் தமிழ்ப் பேனர் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசகத்தை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாதீர்கள். உங்கள் கணினியிலேயே இங்க்ஸ்கேப் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளில் எழுதி, கொம்பும் காலும் புள்ளியும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, எழுத்துகளை வளைகோடாக மாற்றிவிடுங்கள். மாற்றியதைப் பிடிஎஃப் கோப்பாகக் கடைக்குக் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் திரையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். நாங்கள் இந்தத் தடவை அப்படித்தான் செய்யப்போகிறோம். காட்டவேண்டியவர்கள் பட்டியலில் கோலம் போடும் மாமிகள் முதலில்.